வாசலில் கேட்கப்படும் மூன்றாவது கேள்வி

அச்சேறாத சுவடி ஒன்றைப் பார்க்க வேண்டிய ஆய்வு மாணவர் துறைத்தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டுதான் சுவடி நூலகத்துக்குப் போவார். இவர் இன்னார், எங்கள் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறார், இன்ன எண்ணுள்ள சுவடியைப் பார்வையிட அனுமதிக்க வேண்டுகிறேன். கீழே கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப். நூலகருக்கு அந்த மாணவரைத் தெரியாது, கையெழுத்திட்டவரையும் தெரியாது. ஆனாலும் முத்திரையைப் பார்த்து முதல் இரண்டு விஷயங்களை நம்பிவிடுகிறார். மூன்றாவதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். சுவடி உதிர்கிற நிலையில் இருந்தாலோ, அதைக் கொடுத்த குடும்பம் நிபந்தனை விதித்திருந்தாலோ, கடிதம் எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்தாலும் முடியாது என்று சொல்லிவிடலாம்.

மொழி, இலக்கியம், வரலாறு, நாட்டார் வழக்காறு ஆகிய மானுடப் புலங்களின் ஆய்வு கணினிக்குள் போன பிறகு, இந்தக் கடிதத்தை மின்வடிவில் செய்துகாட்டும் வேலையை ஐரோப்பா இருபது ஆண்டுகளாகச் செய்துவருகிறது. கூட்டமைப்பு உள்நுழைவு என்று அதற்குப் பெயர். உங்கள் பல்கலைக்கழகக் கணக்கை வைத்துக்கொண்டே வேறு நாட்டின் ஆவணக் காப்பகத்துக்குள் நுழையலாம். கடிதத்தின் முதல் இரண்டு வரிகளை அது அற்புதமாகச் செய்துவிட்டது. மூன்றாவது வரியில்தான் இன்னும் தடுமாறுகிறது. இத்துறையில் குவிந்திருக்கும் தொழில்நுட்ப அறிக்கைகளைப் படிக்கிறவருக்கு எல்லாச் சிக்கலும் மென்பொருள் சிக்கலாகவே தோன்றும். என் பார்வையில் அவற்றில் பாதிக்கு மேல் மென்பொருளோடு சம்பந்தப்பட்டவையே அல்ல.

ஆளுக்கொரு பூட்டு ஏன் கூடாது

ஒவ்வொரு காப்பகமும் தனக்கென்று ஒரு பதிவுப் படிவம் வைத்து, பெயரும் கடவுச்சொல்லும் வாங்கிச் சேமித்துக்கொண்டால் என்ன? அப்படித்தான் பெரும்பாலான திட்டங்கள் தொடங்கின. மூன்றாண்டு நிதியில் ஓடும் ஒரு அகராதித் திட்டம், நிதி தீர்ந்ததும் நிரலரை இழந்துவிடும். ஆனால் அவர் எழுதிவைத்த கடவுச்சொல் அட்டவணை சர்வரில் கிடக்கும். பார்த்துக்கொள்ள ஆளிருக்காது. பயனரோ அதே கடவுச்சொல்லைத் தன் வங்கிக்கும் வைத்திருப்பார்.

பெரிய இடங்களே தப்பவில்லை. 2023 அக்டோபர் 28 அன்று பிரிட்டிஷ் நூலகம் தாக்கப்பட்டது. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத ஒரு தொலைநிலை சர்வர் வழியாகத் தாக்கியவர்கள் நுழைந்திருக்கலாம் என்று 2024 மார்ச்சில் நூலகமே வெளியிட்ட அறிக்கை சொன்னது. அழிந்துவரும் ஆவணங்களுக்கான அந்நூலகத் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து எண்ணிமப்படுத்தப்பட்ட தொகுப்புகள் பல உண்டு. அவையும் சேர்ந்து மாதக்கணக்கில் இணையத்திலிருந்து மறைந்தன. அடுத்த ஆண்டு அக்டோபரில் இன்டர்நெட் ஆர்கைவின் முறை. 3 கோடியே 10 லட்சம் பயனர் கணக்குகளின் மின்னஞ்சல் முகவரிகளும் குறிமாற்றம் செய்யப்பட்ட கடவுச்சொற்களும் கசிந்தன. பழைய தமிழ் நூல் தேடுகிறவர்கள் அன்றாடம் எட்டிப்பார்க்கும் தளம் அது.

ஆகவே கடவுச்சொல்லைச் சேமிக்கவே வேண்டாம் என்பதுதான் கூட்டமைப்பு முறையின் முதல் லாபம். நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் தமிழ்ச் சுவடிகளில் வேலை செய்யும் ஒருவர், நெதர்லாந்தின் நைமேகனில் உள்ள மொழிக் காப்பகத்தின் ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்க விரும்புகிறார். உள்நுழை என்ற பொத்தானை அழுத்தினால் கடவுச்சொல் பெட்டி வருவதில்லை. உங்கள் நிறுவனம் எது என்ற கேள்வி வருகிறது. ஹா என்று தட்டத் தொடங்கியதும் பட்டியல் சுருங்கி ஹாம்பர்க் நிற்கிறது. தேர்ந்தெடுத்தால் பிரவுசர் அவரை ஹாம்பர்க்கின் சொந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோகிறது. சம்பளச் சீட்டு பார்க்கவும் விடுப்பு எழுதவும் தினமும் பயன்படுத்தும் அதே பக்கம். கடவுச்சொல் அங்கே தரப்படுகிறது. நைமேகன் அதைப் பார்ப்பதே இல்லை. ஹாம்பர்க் சர்வர் ஒரு சிறு குறிப்பை எழுதி, தன் மின்கையொப்பமிட்டு, பிரவுசர் கையிலேயே கொடுத்தனுப்புகிறது. நைமேகன் கையொப்பத்தைச் சரிபார்த்துக் கதவைத் திறக்கிறது. எல்லாம் சேர்த்துச் சில விநாடிகள்.

கையொப்பம் ஹாம்பர்க்கினுடையதுதான் என்று நைமேகனுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு நாட்டுக் கூட்டமைப்பும் தன் உறுப்பினர்களின் முகவரிகளையும் கையொப்பம் சரிபார்க்கும் திறவுகோல்களையும் ஒரே கோப்பில் தொகுத்து, அதற்குத் தானும் கையொப்பமிட்டு வெளியிடுகிறது. சர்வர்கள் அதை அவ்வப்போது இறக்கிப் புதுப்பித்துக்கொள்கின்றன. ஜெர்மனிக்கு டிஎஃப்என்-ஏஏஐ, பின்லாந்துக்கு ஹாகா, சுவிட்சர்லாந்துக்கு ஸ்விட்ச், அமெரிக்காவுக்கு இன்காமன் என்று நாட்டுக்கு ஒன்று. இவற்றை ஒன்றோடொன்று கோக்கும் எஜுகெயின் 2011-இல் சேவைக்கு வந்தது. இன்று எழுபதுக்கும் மேற்பட்ட நாட்டுக் கூட்டமைப்புகள் அதில் இருக்கின்றன. காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் நடத்தும் இன்ஃபெட், இலங்கையின் லேர்ன் வலைப்பின்னல் நடத்தும் லியாஃப் இரண்டும் அதில் உண்டு. வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் மடிக்கணினியைத் திறந்ததும் எஜுரோம் வைஃபை தானாக இணைவதைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு பழகியதாகத்தான் இருக்கும். கேட்பது வெளியூர், உறுதி சொல்வது சொந்த ஊர்.

இந்தச் சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழியின் பெயர் சாம்ல். அதன் இரண்டாம் பதிப்பு 2005 மார்ச்சில் வந்தது. இணையத்தின் கணக்கில் இது புராதனப் பொருள். 2014-இல் வந்த ஓப்பன்ஐடி கனெக்ட் எடை குறைந்தது, கைப்பேசிச் செயலிகளுக்கும் ஒத்துவருவது. ஆனாலும் பல்கலைக்கழகங்கள் சாம்லை விடவில்லை. அமெரிக்காவில் 2000-இல் தொடங்கி 2003-இல் முதல் பதிப்பு வெளியிட்ட ஷிப்பலெத் என்ற இலவச மென்பொருள்தான் பல வளாகங்களில் இதை இயக்குகிறது. ஒருமுறை நிறுவி ஓடவிட்டதைக் கழற்றிப்போட எந்தக் கணினி மையமும் விரும்புவதில்லை.

மொழியியலாளர்கள் முந்திக்கொண்ட கதை

இந்த விஷயத்தில் இயற்பியலாளர்கள் வழிகாட்டினார்கள், மானுடப் புலத்தார் பின்னால் வந்தார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது முழு உண்மையல்ல. இயற்பியலாளர்கள் கணக்கீட்டு வலையங்களுக்குள் நுழைய ஆளுக்கொரு மின்சான்றிதழ் வாங்கி, அதைத் தங்கள் கணினியில் பத்திரப்படுத்தி, ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டிருந்த காலத்திலேயே, மொழிக் காப்பகங்கள் வேறு வழி தேடத் தொடங்கிவிட்டன. நைமேகனின் மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம், ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம், லைடனின் டச்சு அகராதி நிறுவனம், லண்டனின் சோவாஸ் ஆகிய நான்கும் சேர்ந்து டாம்-எல்ஆர் என்ற திட்டத்தில் 2000-களின் நடுவிலேயே ஷிப்பலெத் கொண்டு தங்கள் காப்பகங்களை இணைத்துப் பார்த்தன.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. வோல்க்ஸ்வாகன் அறக்கட்டளையின் நிதியில் 2000-இல் தொடங்கிய டோபெஸ் திட்டம், அழிந்துவரும் மொழிகளைப் பேசுகிறவர்களை உலகெங்கும் போய்ப் பதிவு செய்துகொண்டிருந்தது. ஒலியும் காட்சியுமாக வந்து குவிந்தவற்றில் மனிதர்கள் இருந்தார்கள். தாலாட்டு இருந்தது, சடங்கு இருந்தது, பக்கத்து வீட்டாரைப் பற்றிய வம்பும் இருந்தது. துகள் மோதலின் தரவுக்கு மானம், ரோஷம் கிடையாது. மனிதக் குரலுக்கு உண்டு. வாசலில் ஆள் நிறுத்த வேண்டிய தேவை மொழியியலாளர்களுக்கு முதலில் வந்ததில் வியப்பில்லை. பிறகு 2012-இல் இயற்பியல், உயிரியல், மானுடப் புலங்கள் உள்ளிட்ட ஆய்வுச் சமூகங்கள் கூடி, ஆய்வுக்கான கூட்டமைப்பு அடையாளம் எப்படியிருக்க வேண்டும் என்று பொதுத் தேவைப் பட்டியல் ஒன்றை எழுதின. அதன் பல வரிகள் மொழிக் காப்பகங்கள் ஏற்கெனவே பட்டுத் தெரிந்துகொண்டவை.

இன்று ஐரோப்பாவில் இரண்டு பெரிய அமைப்புகள் இத்துறையைத் தாங்குகின்றன. மொழி வளங்களுக்கான கிளாரின், 2012 பிப்ரவரியில் சட்டபூர்வ அமைப்பாகி உட்ரெக்டைத் தலைமையிடமாகக் கொண்டது. கலை, மானுடப் புலங்களுக்கான டாரியா 2014 ஆகஸ்டில் அந்த நிலைக்கு வந்தது. கிளாரின் செய்த மிக உருப்படியான வேலை, என்னைக் கேட்டால், கதவே இல்லாத இடத்தை முதலில் வரையறுத்தது. எந்தக் காப்பகத்தில் என்ன இருக்கிறது என்ற விவரப் பட்டியல் யாருக்கும் திறந்தது. தேட உள்நுழைய வேண்டாம். வளங்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். பொதுவானவை யாருக்கும். கல்விக்கானவை, ஏதாவதொரு கல்வி நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று உறுதியானால் போதும். கட்டுப்பாடுள்ளவை, தனியாகக் கேட்டுப் பெற வேண்டியவை. கூட்டமைப்பு உள்நுழைவு கனகச்சிதமாகப் பொருந்துவது நடு வகைக்கு மட்டும்தான் என்பது இந்தப் பிரிவினையிலேயே தெரிந்துவிடுகிறது.

கொடுக்க மறுக்கும் கணினி மையம்

நடு வகையிலும் சிக்கல் தீரவில்லை. ஹாம்பர்க் ஆய்வாளர் கதையில் எல்லாம் சுமுகமாக முடிந்தது. நடைமுறையில் பலருக்கு நேர்வது வேறு. சொந்தப் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் கடவுச்சொல் சரியென்று ஏற்கப்படும். திரும்பி வந்தால் காப்பகத்தின் பக்கத்தில் ஒரு பிழைச் செய்தி நிற்கும்: உங்கள் நிறுவனம் போதிய விவரங்களை அனுப்பவில்லை, உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும். எந்த நிர்வாகி, எந்த மாடி, எந்த மின்னஞ்சல் என்று ஒன்றும் இராது. பயனர் காப்பகத்தைத் திட்டிவிட்டுப் போய்விடுவார். காப்பகத்தின் மேல் தவறில்லை. கையெழுத்திட்ட கடிதம் வந்தது, ஆனால் உள்ளே பெயர் எழுதப்படவில்லை.

ஒரு காப்பகத்துக்குத் தேவைப்படுவது அதிகமில்லை. பெயர், மின்னஞ்சல், அடுத்த முறை வந்தாலும் இவரேதான் என்று கண்டுகொள்ள ஓர் அடையாளக் குறி, நிறுவனத்தில் என்ன நிலை என்பது. இந்த நான்கையும் அனுப்புவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு வளாகத்தின் கணினி மையத்திலும் யாரோ ஒருவர் கோப்பில் எழுதும் ஒரு வரியைப் பொறுத்தது. அந்த ஒருவரின் இடத்தில் இருந்து யோசித்தால் விஷயம் புரியும். விவரத்தை அனுப்பி, அது எங்கோ கசிந்தால் கேள்வி அவரிடம் வரும். அனுப்பாமல் விட்டால் ஒரு மொழியியல் மாணவரின் வேலை கெடும். அதற்கு யாரும் அவரைக் கேட்கப்போவதில்லை. 2018 மே 25 முதல் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தபின் இந்தப் பயத்துக்குச் சட்டக் கவசமும் கிடைத்தது.

பயத்தைப் போக்க இரண்டு ஏற்பாடுகள் வந்தன. ஒன்று, ஐரோப்பிய ஆய்வு வலைப்பின்னல்களின் கூட்டமைப்பான ஜியான்ட் வகுத்த நடத்தை விதி: வாங்கும் விவரத்தை இன்னதற்குத்தான் பயன்படுத்துவோம் என்று காப்பகம் எழுத்தில் உறுதி தரும். இன்னொன்று, ஆய்வுக்கும் புலமைக்குமான சேவை என்ற முத்திரை: ஒரு சேவையை அதன் நாட்டுக் கூட்டமைப்பு பரிசோதித்து முத்திரை இட்டால், உலகின் எந்த வளாகமும் தனித்தனியே யோசிக்காமல் இந்த நான்கு விவரங்களையும் அனுப்பலாம். இரண்டும் நல்ல ஏற்பாடுகள். ஆனால் விருப்பப்பட்டவர் ஏற்கலாம் என்ற அளவில் நிற்பதால், ஏற்காத வளாகங்கள் ஏற்காமலே இருக்கின்றன.

அந்தக் கணினி மையத்துக்காரரின் தயக்கம் முழுக்க அசட்டுத்தனம் என்றும் சொல்ல மாட்டேன். சாதிக் கலவரத்தின் ஆவணங்களையோ போர்க்காலச் சாட்சியங்களையோ யார் யார், எந்தத் தேதியில், எத்தனை முறை திறந்தார்கள் என்ற பட்டியல் தவறான கையில் சிக்கினால் என்னவாகும் என்று தெற்காசியாவில் இருந்து எழுதுகிறவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதற்காகவே இணைக் குறி என்ற உத்தி உண்டு. ஒரே ஆய்வாளருக்குச் சேவைக்குச் சேவை வேறு வேறு எண் போகும். இரண்டு காப்பகங்கள் தங்கள் பட்டியல்களை ஒப்பிட்டாலும் இவர்தான் அவர் என்று கண்டுபிடிக்க இயலாது. அதே உத்தி கூட்டு வேலையைக் கெடுக்கவும் செய்கிறது. டியூபிங்கனில் உருவான வெப்லிக்ட் என்ற சூழலில் ஓர் உரையைப் போட்டால், சொற்பிரிப்பு ஒரு சர்வரிலும் இலக்கணக் குறியீடு இன்னொரு சர்வரிலும் நடக்கும். முதல் சர்வர் பயனரின் சார்பில் இரண்டாவதன் கதவைத் தட்ட வேண்டும். மனிதர் பிரவுசர் முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று எண்ணி வடிவமைத்த சாம்லுக்கு இது கைவராத வேலை. பயனரின் அனுமதியை ஒரு சீட்டாக அடுத்த சர்வருக்குக் கொடுத்தனுப்பும் ஓஆத் முறையைக் கொண்டுவந்துதான் சமாளிக்க முடிந்தது.

நிறுவனம் இல்லாத புலமை

எஜுபெர்சன் என்ற பொது அட்டவணையில், ஒருவருக்கும் அவர் நிறுவனத்துக்கும் உள்ள உறவைச் சொல்ல எட்டுச் சொற்கள் இருக்கின்றன: ஆசிரியர், மாணவர், அலுவலர், பணியாளர், உறுப்பினர், முன்னாள் மாணவர், தொடர்புடையவர், நூலகத்துக்கு நேரில் வந்தவர். உலகத்து வளாகங்கள் முழுவதும் இந்த எட்டில் அடங்கிவிடுகின்றன. கடைசிச் சொல்லைச் சேர்த்தவர் யாராயிருந்தாலும் நல்ல மனிதர். எங்கிருந்தோ வந்து நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறவரையும் கணக்கில் வைத்திருக்கிறார். ஆனால் எட்டுமே ஒரு கட்டடத்தை மையமாகக் கொண்டவை. கட்டடம் இல்லாதவருக்குச் சொல் இல்லை.

ஒருவர் வேலையை விட்டதும் சொந்த நிறுவனம் அவர் கணக்கை மூடும். உலகத்துக் கதவுகள் அத்தனையும் தாமாக மூடிக்கொள்ளும். பாதுகாப்பு நிபுணர்கள் கூட்டமைப்பு முறையின் பெரிய நன்மையாகச் சொல்வது இதைத்தான். மானுடப் புலத்தில் இது என்ன செய்யும் என்று ஓர் உதாரணம் போதும். உ.வே.சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து 1919-இல் ஓய்வு பெற்றார். பெருங்கதைப் பதிப்பு வந்தது 1924-இல், குறுந்தொகை 1937-இல். இன்றைய விதியில் அவர் கணக்கு 1919-இல் முடக்கப்பட்டு, சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரி முதல்வராகச் சேர்ந்ததும் திறக்கப்பட்டு, அங்கிருந்து விலகியதும் மறுபடி மூடப்பட்டிருக்கும். ஐராவதம் மகாதேவன் இந்திய ஆட்சிப் பணி அதிகாரி. சிந்துவெளி எழுத்துகளின் தொகுப்பை 1977-இலும், தொல்தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றிய பெருநூலை 2003-இலும் வெளியிட்டார். எட்டுச் சொற்களில் எதிலும் அவரை உட்கார வைக்க முடியாது. கல்வெட்டு படிக்கும் பள்ளி ஆசிரியர்கள், நாட்டார் பாடல் திரட்டும் அஞ்சல் ஊழியர்கள், ஊர் வரலாறு எழுதும் வழக்கறிஞர்கள் என்று இந்தப் புலங்களில் இப்படிப்பட்டவர்கள் விதிவிலக்கு அல்ல. பாதிப் படை அவர்கள்தான்.

ஐரோப்பியக் கட்டமைப்புகளில் இவர்களை வீடற்ற பயனர்கள் என்றே சொல்கிறார்கள். கிளாரினும் டாரியாவும் இவர்களுக்காகத் தாங்களே கணக்குக் கொடுக்கும் அலுவலகங்களைத் திறந்தன. விண்ணப்பித்து, ஆய்வு நோக்கத்தைச் சொன்னால் கணக்கு கிடைக்கும். யாரோ ஒருவர் விண்ணப்பங்களைப் படித்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதால் இது பெருகாது. கூகுள் கணக்கை ஏற்றுக்கொள்ளலாமே என்பது எளிய பதில். வருகிறவர் அதே ஆள் என்று கூகுள் சொல்லும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. காப்பகத்தின் வாசல் நிரந்தரமாக ஒரு வணிக நிறுவனத்தின் தயவில் நிற்கும். 2012-இல் தொடங்கிய ஆர்சிட் இதைவிட மேல். பதினாறு இலக்க எண், வாழ்நாள் முழுவதும் ஒன்றே, ஓய்வுக்குப் பிறகும் செல்லும். அதுவும் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் பதிவுதான் என்றாலும், கட்டுரைகளோடும் நூல்களோடும் கட்டப்பட்டிருப்பதால் ஒருவரின் வேலையைக் காட்டுகிறது. நிறுவனம் இல்லாத ஆய்வாளருக்கு இதுதான் இப்போதைக்குக் கைகொடுக்கும் சான்று. காப்பகங்கள் இதைத் தயக்கமின்றி ஏற்கலாம் என்பது என் கருத்து.

யார் சொன்னால் திறக்கும்

இனி மூன்றாவது வரி. லண்டன் சோவாஸில் வளர்ந்து 2021-இல் பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகத்துக்கு இடம்பெயர்ந்த எலார் என்ற அழிந்துவரும் மொழிகளின் காப்பகம், தொடக்க காலத்தில் தன் பதிவுகளுக்கு ஐந்து வகையாக வாசல் வைத்தது. யாருக்கும் திறந்தவை, பதிவு செய்த பயனர்களுக்கு, ஆய்வாளர்களுக்கு, அந்த மொழிச் சமூகத்தைச் சேர்ந்தவர்களுக்கு, பதிவு செய்து ஒப்படைத்தவர் ஒவ்வொருவராகப் பார்த்து அனுமதிப்பவர்களுக்கு. இந்த ஐந்தில் மூன்றாவதைத்தான் கூட்டமைப்பு ஓரளவு கண்டுபிடித்துச் சொல்லும். நான்காவதைப் பாருங்கள். ஒரு பழங்குடிப் பாடகியின் பேத்தி தன் பாட்டியின் குரலைக் கேட்க வருகிறாள். அவள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. ஹாம்பர்க் முதுகலை மாணவருக்குத் திறக்கும் கதவு அவளுக்குத் திறக்காது என்றால் காப்பகம் யாருக்காக இருக்கிறது?

ஆஸ்திரேலியாவில் இந்தக் கேள்வியிலிருந்தே ஒரு மென்பொருள் பிறந்தது. வட பிரதேசத்தின் டெனன்ட் கிரீக்கில் வாழும் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து மானுடவியலாளர் கிம் கிறிஸ்டன் உருவாக்கிய முகுர்ட்டு, நிறுவனத்தை விட்டுவிட்டு உறவையும் மரபையும் கேட்கிறது. பெண்கள் மட்டும் பார்க்கும் சடங்குப் படம், இன்ன குடும்பம் மட்டும் கேட்கும் பாடல், இறந்தவரின் முகம் வரப்போகிறது என்ற முன்னெச்சரிக்கை என்று அந்தச் சமூகமே விதிகளை எழுதி வைக்கிறது. யார் எந்தக் குடும்பம் என்பதை அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கான்பெராவிலிருந்து சொல்ல முடியாது. இத்துறையின் ஐரோப்பிய அறிக்கைகள் முகுர்ட்டுவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தொழில்நுட்பத்தில் அது எளியது என்பது காரணமாக இருக்கலாம். எனக்கு அது இந்தக் கேள்வியின் மையத்தில் இருக்கிறது.

நிறுவனம் உறுதி சொல்லும் உலகத்தையும் சமூகம் முடிவெடுக்கும் உலகத்தையும் ஒட்டவைக்க இன்று கையிலுள்ள சிறந்த வழி, நடுவில் ஒரு சர்வரை இடையாளாக வைப்பது. 2015 முதல் ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த ஆர்க் திட்டம் இதற்கான வரைபடத்தைப் போட்டுத் தந்தது. டாரியா அதைத் தன் அமைப்பில் செயல்படுத்தியது. வெளியே இருக்கும் நூற்றுக்கணக்கான வளாகங்கள், ஆர்சிட், சொந்தக் கணக்கு எல்லாம் இடையாளிடம் வந்து சேரும். உள்ளேயிருக்கும் அகராதிகளும் உரைத்தொகுப்புகளும் இடையாளை மட்டும் அறியும். வளாகம் பெயரையோ மின்னஞ்சலையோ அனுப்ப மறந்தால், பயனரைத் திருப்பியனுப்பாமல் ஒரு படிவத்தைக் காட்டி அவரிடமே கேட்டு நிரப்பிக்கொள்ளும். கணினி மையத்தின் கஞ்சத்தனத்துக்கு இதைவிடப் பண்பான பதில் இருக்க முடியாது. இவர் எந்தக் குழு, எந்தப் பதிப்புத் திட்டம், எந்தத் தொகுப்பைத் தொடலாம் என்ற மூன்றாம் வரி விவரங்களை அந்தந்தக் குழுவின் பொறுப்பாளரே இடையாளிடம் எழுதிவைக்கிறார். யார் என்பதை வளாகம் சொல்கிறது, என்ன செய்யலாம் என்பதைச் சமூகம் சொல்கிறது. அந்தச் சமூகம் பேராசிரியர்களின் குழுவாகத்தான் இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் எங்கும் எழுதவில்லை. ஒரு கிராமத்தின் பாடகர்களாகவும் இருக்கலாம். அப்படிப் பயன்படுத்தியவர்கள் குறைவு.

இடையாளுக்கும் குறை உண்டு. அது விழுந்தால் எல்லாம் விழும். யார் எங்கே போகிறார் என்பது முழுவதும் அதற்குத் தெரியும். இணைக் குறியால் மறைத்ததெல்லாம் அங்கே வெளிச்சம். நிரந்தரமாக ஆள் போட்டு நடத்த வேண்டிய அதைத் திட்ட நிதியில் ஓட்டுவது ஆபத்து. ஜெர்மனி தன் மானுடப் புலக் கட்டமைப்புகளைத் தேசிய ஆய்வுத் தரவு அமைப்பின் கீழ் 2021-இல் தொடங்கிய டெக்ஸ்ட்+ போன்ற நெடுநாள் கூட்டணிகளுக்குள் கொண்டுவந்தது, மூன்றாண்டுக்கொரு முறை ஆளும் நிதியும் மாறும் தொல்லையைக் குறைக்கும்.

ஐபி முகவரி என்னும் பழைய காவலாளி

புது முறைகள் இத்தனை வந்தும், ஐபி முகவரியைக் கொண்டு வாசகர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துக் கதவைத் திறக்கும் வழக்கம் போகவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்கள் 2008-இல் தொடங்கிய ஹாத்தி டிரஸ்டில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் அச்சான தமிழ் நூல்கள் பல இருக்கின்றன. அமெரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி பொதுவுடைமையானவற்றை அங்கிருந்து திறந்தால் முழுப் பக்கமும் தெரியும். அதே நூலைச் சென்னையில் திறந்தால் பல நேரம் தேடுபெட்டி மட்டும் கிடைக்கும். நூல் அச்சான ஊரில் நூல் மூடியிருக்கிறது. உறுப்பு நிறுவனத்தின் கணக்கு இருந்தால் முழு நூலாக இறக்கிக்கொள்ளும் வசதி போன்றவை கூடுதல். ஆனால் நாட்டு எல்லையை அந்தக் கணக்கும் தாண்டாது. சட்டம் போட்ட பூட்டை உள்நுழைவு திறக்காது.

நம் பக்கத்து நிலைமை

இந்தியாவில் இன்ஃபெட் வளர்ந்தது ஆய்விதழ்களுக்காக. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ஒரே நாடு ஒரே சந்தா திட்டம், மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை 6,300 நிறுவனங்களுக்குத் திறக்கிறது. நடத்துவது இன்ஃப்ளிப்நெட். வளாகத்துக்கு வெளியிலிருந்து படிக்க இன்ஃபெட் கணக்குதான் வழி என்பதால், கூட்டமைப்பு உள்நுழைவு என்பதைக் கேள்விப்பட்டிராத கல்லூரிகளுக்கும் அது போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி ஆசிரியர்கள் என்-லிஸ்ட் என்ற மின்வளத் திட்டத்தின் வழியாக ஏற்கெனவே ஓரளவு பழகியவர்கள். இது பெரிய காரியம். ஆனால் நம் கூட்டமைப்பு கட்டப்பட்டிருப்பது வெளிநாட்டுப் பதிப்பகத்தின் வாசலில் நாம் நிற்பதற்கு. நம் காப்பகத்தின் வாசலில் மற்றவர் வந்து நிற்பதற்கு அதைப் பயன்படுத்தும் யோசனை இன்னும் தொடங்கவில்லை. எஜுகெயினில் உறுப்பு என்பதால் நுட்பத்தளவில் தடையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தவர் லியாஃப் கணக்கோடு தமிழ்நாட்டுக் காப்பகம் ஒன்றில் நுழைவதற்கு வேண்டியது, அந்தக் காப்பகம் இன்ஃபெட்டில் சேவையாகப் பதிவாவதுதான்.

அதற்கு முன் கேட்க வேண்டியது: நுழைவுப் பூட்டு தேவையா? 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டமும் வாசகரிடம் எதையும் கேட்காமல் தமிழ் நூல்களைக் கொடுக்கின்றன. உலகெங்கும் சிதறியிருக்கும் தமிழர்கள் எந்த நிறுவனக் கணக்கும் இல்லாமல் படிப்பது அதனால்தான் முடிகிறது. காப்புரிமை தீர்ந்த நூலுக்குப் பதிவுப் படிவம் வைப்பது, வருகைக் கணக்குக் காட்ட நிதி தருகிறவர்கள் கேட்பதால் நடக்கும் வேண்டாத வேலை. வாய்மொழி வரலாறு, காணாமல்போனோர் குடும்பங்களின் சாட்சியம், ஒப்பாரி, மருத்துவச் சுவடி, சடங்குப் பதிவு ஆகியவற்றுக்குத்தான் காவல் வேண்டும். அந்தக் காவலுக்கு வேண்டியது கிளாரினின் நடு வகை அல்ல, எலாரின் நான்காவதும் ஐந்தாவதும்.

ஐந்தாவதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. களப்பணிக்குப் போகிறவர்கள் இப்போதே கவனிக்கலாம். ஒப்படைத்தவர் பார்த்து அனுமதிக்க வேண்டும் என்று குறித்த பதிவுக்கு வரும் கோரிக்கை, அவர் மின்னஞ்சலுக்குப் போகும். அவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் பழைய முகவரி செத்துவிடும். அவரே இறந்துவிட்டால் கோரிக்கைக்குப் பதில் சொல்ல ஆளில்லை. கோரிக்கைகள் குவியும், பதிவு பூட்டியே கிடக்கும், பாடியவரின் குடும்பமும் வெளியே நிற்கும். ஒலிப்பதிவுக்கு முன் வாங்கும் சம்மதப் படிவத்தில் யார் கேட்கலாம் என்ற வரியோடு, எனக்குப் பின் யாரைக் கேட்க வேண்டும் என்ற வரியையும், எத்தனை ஆண்டுக்குப் பின் கேட்கவே வேண்டாம் என்ற வரியையும் சேர்க்க வேண்டும். பாடியவர் வீட்டிலிருந்து ஒருவர், ஊரிலிருந்து ஒருவர், காப்பகத்திலிருந்து ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்தால், இடையாளில் அது மூன்று பேர் கொண்ட ஒரு குழு. உருவாக்க ஐந்து நிமிடம் ஆகும். ஐரோப்பா 2026 இறுதிக்குள் குடிமக்களுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கும் மின்னடையாளப் பணப்பையோ, நம்முடைய ஆதாரோ வந்து நிற்பவர் இன்னார்தான் என்று இன்னும் உறுதியாகச் சொல்லும். அவரை உள்ளே விடலாமா என்று அந்த மூன்று பேரைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.